நொப்பெரா-போ: பழ ஈ காட்டிக்கொடுத்த நொதி

புழுவைக் கொல்லும் விஷத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்துப் பூவில் தேனெடுக்கும் தேனீயையும், தெளிக்கும் ஆளையும் விட்டுவைக்கும் விஷம்தான் கிடைப்பதில்லை. அப்படியொன்று வேண்டுமென்றால், பூச்சி உடம்பில் மட்டும் இருக்கிற, அது நின்றால் பூச்சி பிழைக்கவே முடியாத நொதியை முதலில் பிடிக்க வேண்டும்.

அதற்குப் பழ ஈயைவிடத் தோதான பிராணி இல்லை. 25 டிகிரி சூட்டில் சுமார் பத்து நாளில் முட்டை ஈயாகிவிடும். அதன் மரபணுத்தொகுதி 2000-லேயே வெளியாகிவிட்டது. வேண்டிய மரபணுவை வேண்டிய உறுப்பில் மட்டும் அடக்கிவைக்கவும் வழி இருக்கிறது.

புழு தோலுரிக்கவும் கூட்டுப்புழுவாகவும் எக்டைசோன் ஹார்மோன் தேவை. மூளையை ஒட்டிய சின்னச் சுரப்பி ஒன்று, தீனியில் வந்த கொலஸ்டிராலிலிருந்து அதைத் தயாரிக்கிறது. பூச்சிகளால் கொலஸ்டிராலைச் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. அந்தச் சுரப்பியில் முக்கியமான நொதியை அடக்கினால், குப்பியின் சுவரில் ஏறிக் கூடாக வேண்டிய புழு, தீனிக்குள்ளேயே புழுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். பிறகு தீனியில் ஹார்மோனைக் கலந்து கொடுக்கிறார்கள். புழு மறுபடி வளர்ந்தால் கோளாறு ஹார்மோன் தயாரிப்பில்தான். வளராவிட்டால் வேறெதையோ கெடுத்திருக்கிறோம். என்னைக் கேட்டால், முதல் சோதனையைவிட இதுதான் கெட்டிக்காரத்தனம்.

2014-ல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் ரியூசுகே நிவா குழு இப்படி ஆராய்ந்த நொதிதான் நொப்பெரா-போ. அதன் மரபணு கெட்ட கரு, தலை சரியாக அமையாமல், மேல்தோலும் முற்றாமல் முட்டைக்குள்ளேயே செத்தது. ஜப்பானியக் கதைகளின் முகமில்லாப் பேயின் பெயரை வைத்துவிட்டார்கள். கொலஸ்டிரால் கொடுத்தபோது கரு தேறியது. அப்படியானால் இந்த நொதிக்குக் கொலஸ்டிராலைக் கையாள்வதில் பங்கு இருக்கிறது.

ஈ, கொசு வகையிலும் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வகையிலும்தான் இது உண்டு. மனிதரிடம் இல்லை; தேனீயும் அந்தப் பட்டியலில் இல்லை. தடுக்கும் பொருளைத் தேடியபோது சிக்கியது எஸ்ட்ராடியால், அதாவது பெண்களின் ஹார்மோன்! வயலில் தெளிக்கிற சரக்கா அது? ஆனாலும் வீண்போகவில்லை. நொதியின் 113-ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலம்தான் அதைப் பிடித்துவைக்கிறது என்று 2020-ல் வெளியான படிக ஆய்வு காட்டியது. எந்த இடத்துக்கு மருந்து செய்ய வேண்டும் என்பது அதில் தெரிந்துவிட்டது. பின்னர் ஏடிஸ் கொசுவின் நொப்பெரா-போவை ஒரு ஃபிளேவனாய்டு தடுத்தது, கொசுப்புழுக்களும் செத்தன.

வயலுக்கு வந்தால் சிக்கல். பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி வகைதான், அதற்கும் இந்த நொதி வேண்டும். மல்பெரித் தோட்டத்துப் பக்கம் இதைக் கொண்டுபோக முடியாது.