உங்களுக்குத் தெரியுமா? மரபணுவைத் தேதியாக்கிய எக்செல்

வெளியிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்தால், கட்டங்களில் இருப்பது என்னவென்று எக்செல் தானே ஊகித்து மாற்றிவிடும். ‘செப்ட்2’ என்ற மனித மரபணுவின் பெயர் செப்டம்பர் 2 ஆகிவிடும். சேமித்துவிட்டால் பழைய பெயர் திரும்பாது. எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. எத்தனை பேரின் உழைப்பு! கடைசியில் மரபணுவின் பெயரையே ‘செப்டின்2’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி எக்செல்லில் 2023-இல்தான் வந்தது.

தொலைபேசி எண்ணின் முதல் பூஜ்யம் காணாமல் போவதும் எக்செல்லின் இந்த ஊகத்தால்தான். கோப்பை நேரடியாகத் திறக்காமல் ‘டேட்டா’ பகுதி வழியே கொண்டுவாருங்கள்; அத்தகைய பெயரோ எண்ணோ உள்ள நெடுவரிசையின் வகையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிய பிறகே ஏற்றுங்கள்.