உப்புக் காற்றும் சமையலறைக் கத்தியும்

பணிமாற்றத்தின் காரணமாக டெல்லியிலிருந்தோ போபாலிலிருந்தோ மும்பைக்கும் கொச்சிக்கும் குடிபெயரும் குடும்பங்கள் முதல் மழைக்காலத்திலேயே ஒரு வியப்பைச் சந்திக்கின்றன. பல ஆண்டுகள் மங்காதிருந்த கத்தி, சில நாள்களில் செம்புள்ளிகளுடன் காட்சி தருகிறது. கத்தி மாறவில்லை, அதைச் சூழ்ந்த காற்றுதான் மாறியிருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். கடலோரத்தில் உப்பும் அவற்றுடன் சேர்ந்துகொள்கிறது. அலைகள் உடையும்போது சிதறும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வந்து வீட்டுப் பொருள்களின் மேல் உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும், அந்த உப்பு நீராவியை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கசிவதை அறியாதவர் இல்லை. அதுவே கத்தியின் மேலும் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்கிறது. ஆகவே, நாம் கழுவாமல் வைத்திருக்கும் கத்தியும் உப்புநீரில் நனைந்தே கிடக்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் துருப்பிடிக்கும் மின்வேதி வினை விரைவடைகிறது.

“எங்கள் வீட்டுக் கத்தி எவர்சில்வர் ஆயிற்றே!” எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்தால், எஃகின் மேற்பரப்பில் மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறல் விழுந்தாலும், ஆக்சிஜன் கிடைக்கும் வரை அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு இப்படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடுகிறது. மேலும், நாம் உண்ணும் தட்டு வேறு, கத்தி வேறு. நல்ல தட்டுகளில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். கத்திக்கோ கூர்மை நிலைக்கக் கடினம் வேண்டும். அதற்காகக் கரிமத்தைக் கூட்டுகிறார்கள். அக்கரிமம் குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னுடன் பிணைத்துக்கொள்வதால், படலத்திற்கு எஞ்சுவது குறைவே. ஒரே அலமாரியில் தட்டு பளபளக்க, கத்தி மட்டும் துருவேறுவதன் காரணம் இதுதான்.

மீன் கடையோ இளநீர்க் கடையோ நடத்தும் நம் வாடிக்கையாளர்களுக்கு இது அழகு பற்றிய கவலையன்று. அவர்களுள் பலர் விரும்புவது எளிதில் தீட்டக்கூடிய சாதாரண எஃகுக் கத்தியையே. அதில் குரோமியப் பாதுகாப்பு ஏதுமில்லை. வெட்டு முனையில் துரு குழி பறித்தால், குழி மறையும் வரை எஃகைத் தேய்த்தாக வேண்டும். ஒவ்வொரு சாணைப்பிடிப்பிலும் பிழைப்புக்குரிய கருவி சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகிறது.

காக்கும் வழியில் முதன்மையானது, பயன்படுத்தியவுடன் நன்னீரில் கழுவி உலர்த்துவதே. மீன், ஊறுகாய், எலுமிச்சை ஆகியவற்றை நறுக்கிய கத்தியைத் தொட்டியில் ஊறவிடலாகாது. பிடியும் அலகும் சேரும் இடுக்கில் நீர் தங்கும். அவ்விடத்தை மறவாமல் துடைக்க வேண்டும். அடுப்பின் அருகே சற்று நேரம் வைக்கலாம். தீயில் காட்டினால் எஃகின் பதம் கெட்டுவிடும்.

உலர்ந்தபின் சில துளி தேங்காய் எண்ணெயைத் தடவி, எண்ணெய் இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளடைவில் பிசுபிசுக்கும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்வோர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினைத் தடவிவிட்டுச் செல்லலாம். திரும்பியதும் கழுவிவிட்டுப் பயன்படுத்துவது நன்று. தோல் உறை பார்வைக்கு அழகாயினும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடலோரத்தில் அதனுள் கத்தியை வைப்பது துருவை வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

துரு மேலோட்டமாக இருந்தால், புளியைத் தேய்த்து, உடனே கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசினால் போதும். எவர்சில்வர் கத்தியை இரும்பு நாரால் தேய்க்க வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துணுக்குகளே புதிய துருவுக்கு வித்தாகும். சாதாரண எஃகுக் கத்தியில் நாள்பட நறுக்கியதால் படியும் கருநிறம் துரு அன்று. செந்துருவை ஓரளவு தடுக்கும் அப்படலத்தைச் சுரண்டாமல் விட்டுவிடலாம்.