நீரை நாடும் கிளிசரின்

கைவிரல்களை மறைத்துக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. உதகமண்டலத்தில் நான் பயின்ற ஆண்டில், தை மாதக் குளிர் என் தோலை உலர்த்தி, விரல் மூட்டுகளில் வெடிப்பை உண்டாக்கிற்று. மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி அப்படியே பூசிக்கொண்டேன். எரிச்சலே மிஞ்சியது. மறுநாள் சென்று முறையிட்டபோது கடைப் பெரியவர் நகைத்து, “தம்பி, நீரை விரும்பும் பொருளுக்கு நீரைக் கொடாவிட்டால், அது உன் தோலிலிருந்தே எடுத்துக்கொள்ளாதோ?” என்றார். இப்பொருளின் இயல்பு அவ்வினாவிலேயே அடங்கியிருக்கிறது.

கிளிசரின் நிறமற்றது, பாகுபோல் தடித்தது, நாவுக்கு இனிப்பது. 1779-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, ஒலிவ எண்ணெயை ஈய ஆக்சைடுடன் சேர்த்துக் காய்ச்சியபோது இதனைக் கண்டார். இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் பெயருக்கு மூலம். எண்ணெயை எரிசோடாவுடன் காய்ச்சினால் சோப்பு விளைகிறது. உடன் விளைவது கிளிசரின்.

இது நீரைப் பற்றுவது எவ்வாறு? இதன் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் மூன்று. ஒவ்வொன்றோடும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இணைந்துள்ளது. இம்மூன்று தொகுதிகளும் நீர் மூலக்கூறுகளை ஈர்த்துப் பிடித்து வைக்கின்றன. மூடாத கிண்ணத்தில் வைத்த தூய கிளிசரின், மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை கூடுவதை நீங்களே தராசில் நிறுத்துக் காணலாம்.

நம் தோலின் மேற்படை தாளினும் மெல்லியது. அதில் உயிர் நீங்கிய செல்கள் செங்கற்களைப் போலவும், கொழுப்புப் பொருள்கள் இடையிட்ட சாந்தைப் போலவும் அமைந்துள்ளன. சோப்பு அச்சாந்தைக் கரைத்துவிட்டால் உள்ளீரம் வெளியேறுகிறது. சோப்பு கவர்ந்ததை அதன் உடன்பிறப்பே ஈடுசெய்ய வருவது விந்தையன்றோ! இயல்பாகவே நம் தோலில் சிறிது கிளிசரின் உண்டு. அதனைத் தோலுக்குள் கடத்தும் புரதம் அற்ற எலிகளின் தோல் வறண்டிருந்ததையும், கிளிசரின் அளித்தபின் அக்குறை நீங்கியதையும் 2003-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆகவே, எளிதில் சிவந்து எரியும் தோலினரிலும் பெரும்பாலோர்க்கு இது ஒத்துக்கொள்வதில் வியப்பில்லை.

பயன்படுத்தும் முறை எளிது. ஒரு பங்கு கிளிசரினுடன் பல பங்கு தூய நீர் கலந்து, குளித்த ஈரம் புலராமுன் மெல்லப் பூசுக. அதன்மேல் சிறிது எண்ணெய் தடவினால் பற்றிய ஈரம் எளிதில் வெளியேறாது. முதலில் முன்கையில் சிறிதளவு இட்டுப் பார்த்தல் நன்று. வெடிப்பில் குருதி கசிந்தாலோ, அரிப்பு நீங்காவிட்டாலோ மருத்துவரையே நாடவேண்டும்.

நிறத்தை மாற்றுவதாகக் கூறும் பூச்சுகளுக்குப் பொருளைச் செலவிடும் இளைஞர் பலர். கிளிசரின் நிறத்தை மாற்றாது. தோலின் ஈரத்தைக் காக்கும், அவ்வளவே. அக்குளிர்காலத்தில் நீர் கலந்து பூசத் தொடங்கிய சில நாட்களில், நான் மறைத்து வைத்திருந்த கையை நீட்டிக் கரும்பலகையில் கணக்குப் போட்டேன். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.