கடை போட்டவர் கணக்கு

திருவிழாக் கடையில் காசு வைப்பவருக்கு ஒரே கவலைதான்: இந்த முறை விழுமா, விழாதா? கடை போட்டவருக்கு அந்தக் கவலை கிடையாது. யார் ஜெயித்தால் என்ன, யார் தோற்றால் என்ன, ராத்திரி கடை கட்டும்போது கல்லாவில் என்ன மிஞ்சும் என்பதே அவர் கணக்கு. போன வாரம் பார்த்த கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் ஆட்டக்காரர்களின் பணத்தைப் பங்கு பிரிக்கக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இந்த வாரம், பிள்ளைகளையே கடைக்காரர்களாக்கும் வகுப்பறைக்குப் போவோம்.

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான நடுநிலைப்பள்ளிப் பாடத்திட்டம் 'கனெக்டெட் மேத்தமேட்டிக்ஸ்'. அதில் நிகழ்தகவுக்கென்று தனிப் புத்தகமே உண்டு: 'வாட் டு யூ எக்ஸ்பெக்ட்?' அந்தப் புத்தகத்தின் செயல்திட்டம், பள்ளி கார்னிவலுக்குப் புது ஆட்டம் ஒன்றை உருவாக்குவது. அந்த ஊர்ப் பள்ளிகளில் நிதி திரட்டத்தான் கார்னிவல் நடத்துவார்கள். யாருமே ஜெயிக்காத கடைக்குக் கூட்டம் வராது. எல்லோரும் ஜெயிக்கும் கடைக்கு முதலே தேறாது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிள்ளைகள் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

பகடையோடு தொடங்குவது சுலபம். அமெரிக்கக் கார்னிவல்களில் 'சக்-எ-லக்' என்று ஒரு பழைய ஆட்டம். ஒன்றிலிருந்து ஆறுவரை ஏதாவது ஓர் எண்ணில் ஒரு டோக்கன் வைக்க வேண்டும். கடைக்காரர் மூன்று பகடைகளை உருட்டுவார். வைத்த எண் ஒரு பகடையில் விழுந்தால், வைத்த டோக்கனோடு இன்னொன்று கிடைக்கும். இரண்டில் விழுந்தால் கூடுதலாக இரண்டு, மூன்றிலும் விழுந்தால் மூன்று. நம்மூர் 'வை ராஜா வை' ஆட்டங்களுக்கு இது தூரத்துச் சொந்தம்.

மூன்று பகடை, ஒவ்வொன்றிலும் ஆறில் ஒரு வாய்ப்பு. ஆக ஆறில் மூன்று, சரிபாதி. கேட்ட மாத்திரத்தில் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். ஆனால் மூன்று பகடையும் விழக்கூடிய 216 வகைகளையும் எழுதிப் பார்த்தால், வைத்த எண் ஒரு பகடையில்கூட விழாதவை 125. ஜெயிப்பதற்கு மிச்சம் இருப்பது 91, அதாவது 42 சதவீதம்.

கடைக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? ஆறு பேர் ஆளுக்கோர் எண்ணில் ஒரு டோக்கன் வைப்பதாகக் கொள்வோம். மூன்று பகடையும் வெவ்வேறு எண் காட்டினால் மூவர் தோற்பார்கள், மூவர் ஜெயிப்பார்கள். வந்தது அப்படியே போய்விடும். இரண்டு பகடை ஒன்றுபோல் விழுந்தால் நால்வர் தோற்க, கடைக்காரர் கொடுப்பது மூன்று. ஒரு டோக்கன் மிச்சம். மூன்றும் ஒன்றாக விழுந்தால் ஐவர் தோற்க, கொடுப்பது மூன்று, இரண்டு மிச்சம். 'ஆகா, ஒரே எண் மூன்றும்!' என்று கூட்டம் ஆரவாரிக்கும்போதுதான் கல்லாவும் அதிகமாக நிறைகிறது. சராசரியாக நூறு டோக்கனுக்குச் சுமார் எட்டு கடைக்கு.

அடுத்தது நாணயம் எறியும் கடை. கட்டம் போட்ட பலகையில் காசை எறிய வேண்டும். எந்தக் கோட்டையும் தொடாமல் விழுந்தால் பரிசு. பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1733-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த கணக்கும் இதுவே. காசின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். கட்டத்தின் நான்கு ஓரத்திலும் காசின் அரை விட்டத்தைத் தள்ளிவிட்டு, உள்ளே மிஞ்சும் சிறிய சதுரத்தில் அது விழ வேண்டும். அமெரிக்காவின் கால் டாலர் காசுக்கு விட்டம் 24.26 மி.மீ. கட்டம் 5 செ.மீ. என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு 26 சதவீதத்துக்குச் சற்று மேல். அதையே 8 செ.மீ. ஆக்கினால் 48-ஐத் தாண்டிவிடும்.

எறிய ஒரு டோக்கன், பரிசுப் பொம்மையின் அடக்கவிலை மூன்று டோக்கன் என்று வையுங்கள். சின்னக் கட்டத்தில் நூறு பேர் எறிந்தால் ஏறக்குறைய இருபது டோக்கன் மிஞ்சும். பெரிய கட்டத்தில் 45-க்கு மேல் கையை விட்டுப் போகும். அளவுகோலை மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்ததற்கு இந்த விலை.

காகிதத்தில் கணக்கு முடிந்ததும் ஆடிப் பார்க்கும் வேலை இருக்கிறது. சக்-எ-லக்கில் ஒருவர் மட்டும் ஓர் எண்ணில் வைத்து ஆடினால், இருபது ஆட்டத்தின் முடிவில் கடை நஷ்டத்தில் நிற்பது சர்வசாதாரணம். ஆயிரம் ஆட்டம் ஆனபின் அப்படி நிற்பது நூற்றில் ஒரு தடவை நடந்தால் உண்டு. காசு எறியும் கடையில் வேறொரு சிக்கல். பூஃபோன் கணக்கு, காசு எங்கு வேண்டுமானாலும் சமமாக விழும் என்று நம்புகிறது. கை பழகியவன் பலகை ஓரமாகக் குனிந்து மெல்ல நழுவவிட்டால் அந்த நம்பிக்கை பலிக்காது. அதனால் எறிபவர் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒரு கோடு போடுவதும், எத்தனை அடி தள்ளிப் போடுவது என்று தீர்மானிப்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்த வேலைகள்தாம்.

ஆணிகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறி இறங்கும் வில்லைக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 1983-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பிளிங்கோ' என்ற பெயரில் புகழ்பெற்ற அந்த ஆட்டத்தையும், அதற்கு நூறாண்டுக்கு முன்பே பிரான்சிஸ் கால்டன் செய்த பலகையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)