நீருக்கேற்ற தோணி

கல்முனைப் பக்கத்தில் கதவும் யன்னலும் செய்பவரை நாம் இன்றும் ‘ஓடாவியார்’ என்றுதான் அழைக்கிறோம். தமிழ் அகராதியைப் புரட்டிப் பார்த்தால், ஓடாவி என்பதற்கு மரக்கலம் கட்டும் தச்சர் என்று பொருள் இருக்கிறது. கலம் கட்டியவர்களின் பெயர் வீட்டு வேலை செய்பவர்களிடம் வந்து தங்கிவிட்டது. சம்மாந்துறை என்ற ஊர்ப்பெயரும், சம்பான்கள் வந்து ஒதுங்கிய துறை என்பதிலிருந்து பிறந்ததாகப் பெரியோர் சொல்வர். படகைத் திருப்பும் ‘சுக்கான்’ அறபுச் சொல். ‘மாலுமி’ என்பதும் ‘முஅல்லிம்’ என்ற அறபுச் சொல்லிலிருந்து வந்ததே. முஅல்லிம் என்றால் ஆசிரியர். கடலில் வழிகாட்டியவரும் வகுப்பில் வழிகாட்டுபவரும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

சொற்கள் எம்மிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், ஒரு தோணி ஏன் மிதக்கிறது, ஏன் கவிழ்கிறது, பாயும் துடுப்பும் அதில் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்டால் எம்மில் பலருக்குத் தெரியாது. கடலுக்கும் களப்புக்கும் நடுவே வாழும் எமக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நீரைப் பார்த்தல்

அக்கரைப்பற்றைத் தாண்டித் தெற்கே போனால் தம்பிலுவில் வரும். கிழக்கே அலையடிக்கும் பெருங்கடல். மேற்கே களப்பும் வயலும். சிறிது தூரம் நடந்தால் இரண்டு வகை நீரையும் பார்த்துவிடலாம். அக்கரையில் தோணி வேலை தெரிந்த முதியவர் ஒருவரிடம், “ஐயா, நல்ல தோணி எது?” என்று நான் கேட்டேன். அவர், “தோணியப் பாக்கிறத்துக்கு முதல் தண்ணியப் பாருங்க மகள்” என்றார். படகைத் தெரிவு செய்யும் கலை முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

களப்பில் நீர் ஆழமில்லை, அலையும் பெரிதில்லை. அதற்கு அடி தட்டையான, நீரில் கொஞ்சமே அமிழும் ஒடுங்கிய தோணி போதும். பல இடங்களில் துடுப்பும் தேவைப்படாது, நீண்ட கம்பை அடியில் ஊன்றியே தள்ளிச் செல்லலாம். கடற்கரையிலோ அலை உடைந்து விழும். அந்த அலையை ஏறிக் கடக்க அணியம், அதாவது படகின் முன்பகுதி, உயர்ந்து நிற்க வேண்டும். பின்பகுதியாகிய அமரம் அலையோடு திரும்பி வரும்போது நீரை உள்ளே விடக்கூடாது. மணலில் இழுத்து ஏற்றுவதால் அடிப்பாகமும் உறுதியாக இருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. கட்டுமரத்துக்குப் பள்ளமே இல்லை. இலேசான மரங்களை வரிசையாகக் கட்டியது அது. அலை மேலே ஏறினாலும் நீர் இடைவெளிகளால் வழிந்துவிடும். மூழ்க அதில் இடமில்லை. இந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்துக்கும் போய், இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கெல்லாம் பெயராகிவிட்டது.

நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்கள மீனவர் ‘ஒருவ’ என்னும் படகை வைத்திருக்கிறார்கள். ஒடுங்கிய உடலுக்குப் பக்கத்தில், வளைந்த இரண்டு தடிகளால் இணைத்த துணைமரம் ஒன்று நீரில் மிதந்து வரும். பாய் விரிக்கும்போது அத்துணைமரம் எப்போதும் காற்று வரும் பக்கமாகவே இருக்கும். காற்று பலத்தால் ஆட்கள் அத்தடிகளின்மேல் ஏறி நின்று படகைச் சமன் செய்வர். ஒருவர் ஏறவேண்டிய காற்று, இருவர் ஏறவேண்டிய காற்று என்று காற்றின் பலத்தையே ஆட்கணக்கில் சொன்னார்கள்.

மரமும் கட்டுமானமும்

நீரைத் தீர்மானித்த பின்னரே மரம். குடைந்து செய்யும் தோணிக்கு மா, பலா போன்ற பருத்த மரங்கள் உதவும். மிதக்கும் துணைமரத்துக்கு இலேசான மலைவேம்பு நல்லது. மரம் நேராகவும் நடுவில் வெடிப்பின்றியும் இருக்க வேண்டும். வெட்டிய மரத்தை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும். வேகமாகக் காய்ந்தால் பிளந்துவிடும். மரம் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி பெறவேண்டிய காலம் இது என்பதையும் மறக்கக்கூடாது.

குடைந்த தோணியில் வெளிப்புறத்தை முதலில் செதுக்கி, அதன் பிறகு வாய்ச்சியால் உட்புறத்தைக் குடைவார்கள். பலகைப் படகோ வேறு முறை. நடு அடியில் முதுகெலும்பு போல நீண்ட மரம் ஒன்று வைக்கப்படும். அது ஏரா. அதன் இரு முனைகளிலும் அணியமும் அமரமும் எழும். பக்கங்களில் பலகைகள், உட்புறத்தில் விலா எலும்பு போன்ற வங்குகள். இந்து சமுத்திரத்தின் பழைய முறையில் பலகை ஓட்டை முதலில் அமைத்து, பிறகே வங்குகளைப் பொருத்தினர்.

பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் பஞ்சு அல்லது நாரைத் திணித்துக் குங்கிலியம் போன்ற பிசினால் அடைப்பதைக் கலப்பற்று என்பர். புதிதாக நீரில் இறக்கிய பலகைப் படகு முதலில் சற்று ஒழுகினால் பயப்படத் தேவையில்லை. உலர்ந்த மரம் நீரை உறிஞ்சி ஊதும்போது இடுக்குகள் தாமாக இறுகும். ஆனால், நாட்கள் சென்றும் ஒழுக்கு நிற்காவிட்டால் அது வேலையின் குறை.

மரத்துக்கு உண்மையான பகை கப்பற்புழு. பெயர் புழு என்றாலும் அது மட்டி இனத்தைச் சேர்ந்தது. மரத்தினுள்ளே துளைத்துக்கொண்டு போகும். வெளியே ஊசித்துளை மட்டுமே தெரியும். படகைக் கரையேற்றி உலர வைப்பதும், அடிப்பாகத்துக்கு எண்ணெய் பூசுவதும் அதற்காகத்தான்.

ஆணியின்றித் தைத்த கலங்கள்

ஒரு காலத்தில் எமது சமுத்திரத்தின் கலங்கள் பல ஆணியின்றிக் கட்டப்பட்டன. பலகைகளில் துளையிட்டு, தென்னங் கயிற்றால் துணியைத் தைப்பது போலத் தைத்தார்கள். 1344 இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இக்கயிற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இரும்பால் இறுக்கிய கலம் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும் என்பது அவர் தரும் விளக்கம்.

இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே 1998 இல், 9 ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்று கண்டெடுக்கப்பட்டது. சீனப் பாண்டங்களை ஏற்றி வந்த அதுவும் தைத்த கலமே. அதனை மாதிரியாகக் கொண்டு ஓமானில் ‘மஸ்கட்டின் மாணிக்கம்’ என்ற கப்பலைக் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். 2010 பெப்ரவரியில் புறப்பட்டு யூலையில் அது சிங்கப்பூரை அடைந்தது. வழியில் பாய்மரங்கள் வெடித்ததால், காலியில் தங்கி, இலங்கை மரங்களில் புதிய பாய்மரங்கள் செய்துகொண்டுதான் பயணத்தைத் தொடர்ந்தது.

எம் நாட்டுத் தமிழ்க் கைவண்ணத்துக்கும் சான்று உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது.

துடுப்பும் பாயும்

துடுப்பு ஒரு நெம்புகோல். அதன் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவானது படகினுள்ளும் மீதி வெளியிலும் இருப்பது வசதி. உட்பகுதி மிகக் குறுகினால் கை சோரும். மிக நீண்டால் படகு நகராது. துடுப்பும் பாயும் சேர்ந்த சிறு படகில், பாய்மரம் இறக்கிப் படகினுள் படுக்க வைக்கக்கூடிய நீளத்தில் இருப்பது நல்லது. காற்று எதிர்த்தால் அதைச் சாய்த்துவிட்டுத் துடுப்பெடுக்கலாம்.

எமது கரையில் காற்றே பழைய மீனவரின் இயந்திரம். இரவில் நிலம் குளிர்வதால் விடியற்காலை காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும்; அது படகை வெளியே கொண்டு செல்லும். பகலில் நிலம் சூடேறக் கடற்காற்று எழுந்து, பிற்பகலில் வீட்டுக்குக் கொண்டு வரும். வாடைக்காற்றுக் காலத்தில் இந்த ஒழுங்கு குலைந்து கடல் கொந்தளிக்கும். அப்போது சிறு தோணிக்குக் கரையே இடம்.

பாயைப் பற்றி ஒரு கணக்கு முக்கியம். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஆகவே, காற்று ஏற ஏறப் பாயைச் சுருக்க வேண்டும். பாயின் கீழ் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். தம்பிலுவில் பெரியவர் இதையும் சொன்னார்: “தாமானக் கட்டி வைக்கப்படாது மகள். கையிலதான் வைச்சிருக்கோணும்.” திடீரெனக் காற்று அடித்தால் கையை விட்ட கணமே பாய் காற்றை இழந்து படபடக்கும், படகு நிமிரும். கட்டி வைத்திருந்தால் முடிச்சை அவிழ்ப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும்.

ஏறுமுன் ஒரு கணக்கு

பௌதிகவியல் வகுப்பில் படிக்கும் ஆக்கிமிடிசின் தத்துவத்தைத் தோணியில் வைத்துப் பார்ப்போம். 5 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உள்ள படகு என்று கொள்வோம். முனைகள் ஒடுங்குவதால் நீர்மட்டப் பரப்பு ஏறத்தாழ 4.2 சதுர மீற்றர். ஒவ்வொரு 42 கிலோகிராம் பாரத்துக்கும் அது 1 சென்ரிமீற்றர் அமிழும்.

இரண்டு பேர் இருக்கும்போது விளிம்பு நீருக்கு மேல் 30 சென்ரிமீற்றர் நிற்கிறது. மேலும் எட்டுப் பேர், ஆளுக்கு 60 கிலோகிராம், ஏறினால் படகு சுமார் 11 சென்ரிமீற்றர் அமிழும். மிச்சம் 19. பாதகமில்லை என்று தோன்றும். ஆனால், எல்லோரும் ஒரு பக்கம் எட்டிப் பார்க்க, படகு 10 பாகை மட்டும் சரியட்டும். அப்பக்க விளிம்பு இன்னும் 11 சென்ரிமீற்றர் அளவில் இறங்கிவிடும். மிச்சம் 8. ஒரு சாண் அலை கூடத் தேவையில்லை, நீர் உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த நீர் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடும். சரிவு இன்னும் கூடும்.

அகலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நீளம் மாறாமல் அகலத்தை மட்டும் கால் பங்கு கூட்டினால், நீர்மட்டப் பரப்பின் சரிவைத் தாங்கும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகும். ஒடுங்கிய தோணியில் எழுந்து நிற்காதே என்று பெரியோர் அதட்டுவதற்கும் இதுவே காரணம். நின்றால் பாரத்தின் மையம் உயர்கிறது, தோணியின் பொறுமை குறைகிறது.

இது வெறும் பரீட்சைக் கணக்கு அன்று. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் மக்களை ஏற்றிச் சென்ற படகுப்பாதை கவிழ்ந்தது. உயிரிழந்தவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். எம்மைப் போலக் காலையில் சீருடை அணிந்து, உம்மாவிடம் சலாம் சொல்லிப் புறப்பட்ட பிள்ளைகள். நீரைக் கடந்துதான் பாடம் படிக்க வேண்டும் என்ற நிலையில் உள்ள ஊர்கள் எமது மாகாணத்தில் இருக்கும்வரை, படகைப் பற்றிய அறிவு மீனவருக்கு மட்டும் உரியதாகாது.

பெற்றோருக்கும் தோழிகளுக்கும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. அதனோடு கரையிலிருந்த மரப்படகுகளும் போயின. பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை பைபர் படகுகள். அவை இலேசானவை, கப்பற்புழு தொடாதவை. அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், ஒரு மரப்படகைக் கட்டும்போது நீர், காற்று, பாரம் ஆகிய மூன்றையும் பார்த்துப் பார்த்து முடிவெடுத்த அறிவு, அச்சில் வார்த்த படகை வாங்கும்போது எமக்குத் தேவையற்றதாகிவிடாது. மரமானாலும் பைபரானாலும் நீரின் சட்டம் ஒன்றுதான்.

களப்பிலோ கடலிலோ பிள்ளைகள் படகேறப் போகிறார்கள் என்றால் சிலவற்றைப் பாருங்கள். எல்லோரும் ஏறிய பின் விளிம்பு நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது? ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? நீர் இறைக்க வாளி உண்டா? இயந்திரம் நின்றால் எடுக்கத் துடுப்பு உண்டா? எல்லோருக்கும் அமர இடம் உண்டா? இவற்றில் ஒன்றுக்கு “இல்லை” என்று பதில் வந்தாலும் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். படகோட்டி கோபித்தாலும் பரவாயில்லை. கேட்பது எமது உரிமை.

தோழிகளே, உங்கள் ஊரில் தோணி கட்டிய கை இன்னும் இருந்தால் போய்ப் பேசுங்கள். ஏரா, வங்கு, அணியம், அமரம், தாமான் என்ற சொற்களை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அளவுகளையும் கேளுங்கள். அவர் கண்ணால் அளந்ததை நீங்கள் கணக்கால் அளக்கலாம். பொறியியற்றொழினுட்பம் கற்கும் ஒருத்தி, குறைந்த செலவில் கவிழாத ஒரு கடத்துப் படகை வரைந்து பார்க்கலாம். வரைவதற்கு முன்பு, அந்தப் படகு ஓடப்போகும் நீரின் கரையில் ஒரு நாள் காலையும் மாலையும் நின்று பாருங்கள்.