தாய்ப்பாலுக்குக் கால்சியம் எங்கிருந்து வருகிறது?

பாலூட்டும் தாயின் உடலிலிருந்து நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை கால்சியம் பால்வழியே வெளியேறுகிறது. ‘நிறையப் பால் குடி, கீரை சாப்பிடு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அந்த உணவு தேவைதான். ஆனால் இந்தக் கூடுதல் செலவுக்கு உடல் முதலில் நாடுவது உணவை அல்ல, தாயின் எலும்பை.

கர்ப்ப காலத்தில் ஏற்பாடு வேறு. அப்போது வைட்டமின் டி-யின் செயல்வடிவமான கால்சிட்ரியால் ரத்தத்தில் கூடுகிறது. குடல் வழக்கத்தைவிட இருமடங்கு கால்சியத்தை உறிஞ்சுகிறது. பிரசவத்துக்குப் பின் குடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

எலும்புக்கு உத்தரவிடுவது யார்?

சாதாரண நாட்களில் ரத்தக் கால்சியத்தைக் காப்பது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன். பாலூட்டும் காலத்தில் அதன் அளவு பெரும்பாலும் குறைந்தே இருக்கும். அந்த வேலையை மார்பகமே எடுத்துக்கொள்கிறது. அது சுரக்கும் பி.டி.எச்.ஆர்.பி. என்ற புரதம், எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. சிறுநீரில் வீணாகாமலும் தடுக்கிறது. 1987-இல் புற்றுநோய்க் கட்டிகளில் கண்டறியப்பட்ட புரதம் இது. பால் சுரக்கும் எலிகளின் மார்பகத்திலும் இது உருவாவது மறு ஆண்டே தெரியவந்தது.

இன்னொரு பக்கம், குழந்தை சப்பச் சப்பப் புரோலாக்டின் உயர்கிறது. சூலகம் அடங்கி ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பை அரிக்கும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன்தான். அது விலகியதும் பி.டி.எச்.ஆர்.பி.-யின் வேலை எளிதாகிறது.

தைராய்டு அறுவைச் சிகிச்சையில் பாராதைராய்டை இழந்த பெண்கள் இதற்குச் சாட்சி. தினமும் கால்சியமும் கால்சிட்ரியாலும் எடுக்கும் அவர்களில் பலருக்குப் பாலூட்டும் மாதங்களில் மருந்தின் தேவை குறைந்துவிடுகிறது. பாலை நிறுத்தியதும் மீண்டும் கூடுகிறது.

இழப்பும் மீட்பும்

முதல் ஆறு மாதம் முழுமையாகப் பாலூட்டினால் முதுகெலும்பின் அடர்த்தி 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம். மூன்றே வாரம் பாலூட்டும் எலிக்கு இழப்பு 25 சதவீதத்தையும் தாண்டும். உணவில் கால்சியம் குறைவாக இருந்த காம்பியா நாட்டுத் தாய்மாருக்கு ஓராண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 1995-இல் வெளியானது. பாலில் கால்சியம் கூடவில்லை, எலும்பிலும் மாற்றமில்லை.

பாலை நிறுத்திய 6 முதல் 12 மாதங்களில் பெரும்பாலான பெண்களுக்கு எலும்பு பழைய அடர்த்திக்குத் திரும்புகிறது. பாலூட்டும் எலிகளின் மூளையிலிருந்து வரும் சி.சி.என்.3 என்ற ஹார்மோன் எலும்பைக் கட்ட உதவுவதாக 2024-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மாட்டுத் தொழுவத்தில்

கறவை மாட்டில் இந்த ஏற்பாடு சில நாள் தாமதித்தாலே ஆபத்து. பசுவின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் உள்ள கால்சியம் ஏறத்தாழ 3 கிராம். பத்து லிட்டர் சீம்பாலிலோ 20 கிராமுக்கு மேல் போகிறது. ஈடுகொடுக்க முடியாத மாடு கன்று ஈன்ற மூன்று நாளுக்குள் எழ முடியாமல் படுத்துவிடும். ‘பால் காய்ச்சல்’ என்று பெயர் இருந்தாலும் காது சில்லிட்டிருக்கும். கால்நடை மருத்துவர் ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றும் கால்சியம்தான் உயிர் காக்கும்.

பெண்களுக்கு அத்தகைய நெருக்கடி அரிது. ஆனால் மிகச் சிலருக்குப் பாலூட்டும் மாதங்களில் முதுகெலும்பில் முறிவே ஏற்படுகிறது. தணியாத முதுகுவலியைப் பிரசவ அலுப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.