ராஜபாளையமா, சிப்பிப்பாறையா? வேட்டை நாய் வாங்குமுன் ஒரு வார்த்தை

கொஞ்ச காலமாக நம் தோட்டங்களில் ஒரு கேள்வி அடிபடுகிறது. யாழ்ப்பாணப் பக்கம் வேலைக்குப் போய் வரும் நம் பிள்ளைகள், அங்கே தீவுகளில் சில வீடுகளில் வேட்டை நாய்களைக் கண்டுவிட்டு வந்து, "சார், நாங்களும் ஒன்னு வாங்கலாமுன்னு இருக்கோம். ராஜபாளையம் நல்லதுங்களா, சிப்பிப்பாறை நல்லதுங்களா?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் வேலணை. லீவுக்கு ஊருக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான். "தம்பி, உந்த இரண்டிலையும் எது பிள்ளையளோட சேரும்?" என்று கேட்கிறார்கள். ஆகவே இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நாய்கள் தீவகத்தில்தான் கண்ணில் படுகின்றன என்பதால் முதலில் தீவகத்தைப் பார்ப்போம். பிறகு நம் லயத்துக்கு வருவோம்.

இந்த இரண்டு இனமும் தமிழ்நாட்டில் இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ராஜபாளையம் ஒரு பட்டணம், சிப்பிப்பாறை ஒரு கிராமம். ஊர்ப் பெயரே நாய்க்கும் பெயராகிவிட்டது. ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்குப் பேர்போனது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை நின்றது. நாய்களின் வேலையும் போயிற்று. வெளிநாட்டு நாய் மோகமும் சேர்ந்துகொள்ள, இவை குறைந்துகொண்டே வந்தன. 2005ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி இந்தியத் தபால் திணைக்களம் நான்கு இந்திய நாய் இனங்களுக்கு முத்திரை வெளியிட்டது. அவற்றில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்ட் மாதம் இந்தியப் பிரதமர் தம் வானொலிப் பேச்சில் இரண்டு இனத்தின் பெயரையும் சொன்னார். அதற்குப் பிறகு விலையும் ஏறியது, ஆசையும் ஏறியது.

ராஜபாளையத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, கண் பொன்னிறம். நின்றால் தோள் வரை ஏறத்தாழ 65 முதல் 75 சென்டிமீற்றர் உயரம் வரும். சிப்பிப்பாறை அதைவிடச் சிறிது, உடம்பும் மெலிவு. வயிறு ஒட்டி, கால் நீண்டு, முகம் கூராக இருக்கும். சாம்பல், செம்பழுப்பு, கறுப்பு என்று பல நிறத்தில் வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள், "ஐயோ பாவம், சோறு போடலையா?" என்று கேட்பார்கள். அதன் வாகே அப்படித்தான். விலா எலும்பு இரண்டு மூன்று தெரிந்தால்தான் அது சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

குணத்திலும் வித்தியாசம் உண்டு. ராஜபாளையம் பெரும்பாலும் ஒரு ஆளுக்குத்தான் அடங்கும். அந்த ஆள் வீட்டில் இருக்கும் மட்டும் நல்ல பிள்ளை. வெளியாள் தொட்டால் அதற்குப் பிடிக்காது; குலைத்து எச்சரிக்காமலே கடித்துவிடும் நாய்களும் உண்டு. சிப்பிப்பாறை அவ்வளவு கடுமையில்லை. வீட்டில் எல்லோரோடும் சேரும், பகல் முழுக்க ஒரு மூலையில் சுருண்டு படுத்திருக்கும். ஆனால் தூரத்தில் ஏதாவது அசைந்து ஓடினால் போதும், அதன் பிறகு உங்கள் குரல் அதன் காதில் விழாது. இது மோப்பத்தைவிடக் கண்ணால் வேட்டை பிடிக்கிற சாதி. ஓடுவது முயலா, பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

தீவகத்தில் முதல் வில்லங்கம் இங்கேதான். வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் ஆடு வளர்க்காத தெரு குறைவு. புருஷன் இல்லாத எத்தனையோ பெண்கள் நாலு ஆட்டை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். ஒரு குட்டி விற்றால்தான் கொப்பி, சப்பாத்து. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வேட்டை நாய் வேலி பாய்ந்து ஒரே ஒரு நாள் ஓடினால் போதும். கிடுகு வேலியும் பனை மட்டை வேலியும் இந்த நாய்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிறகு பிரதேச சபை, பொலிஸ், மத்தியஸ்த சபை என்று அலைச்சல். பணம் கொடுத்துத் தீர்த்தாலும் பக்கத்து வீட்டுக்காரி முகம் பார்த்துப் பேச வருஷக்கணக்காகும்.

நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாகப் பவளக் கல் அடுக்கிய மதில். ஆனால் அது நெஞ்சளவுதான். வெளியே திறந்த வெட்டை, அதில் மாடும் ஆடும் மேயும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வம்சம் இன்றைக்கும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகிறது. வேட்டை நாய் ஒரு குதிரைக்குட்டியின் பின்னால் விரட்டிக்கொண்டு போனால் அது விளையாட்டு இல்லை. நெடுந்தீவின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதோடு, இந்த நாயைக் கொண்டு "ஒரு உடும்பு பிடிச்சால் கறிக்காச்சு" என்று நினைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. நாயை ஏவிப் பிடித்தாலும், தானாகப் பிடித்தது என்று சொன்னாலும் வழக்கு உங்கள் பெயரில்தான்.

நயினாதீவின் கதை வேறு. நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகதீப விகாரைக்கும் நாளெல்லாம் படகில் சனம் வந்து இறங்குகிறது. திருவிழாக் காலத்தில் ஒழுங்கையெல்லாம் ஆள். தெரியாத ஆளைக் கண்டால் பொறுக்காத ராஜபாளையத்தை அங்கே எப்படி வைத்திருப்பது? பகல் முழுக்கக் கட்டித்தான் வைக்க வேண்டும். வேட்டை நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் போட்டால் அதற்கு விசர் பிடித்த மாதிரித்தான், கோபம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் கடி வாங்குவது சாப்பாடு வைக்கப் போகிற பிள்ளை.

தண்ணீரையும் யோசியுங்கள். தீவகத்தில் பல கிணறு உவர். குடிதண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற சனம். வெள்ளை நாய் என்றால் புழுதி படியும், அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும். அதுவும் போக, இளஞ்சிவப்பு மூக்கும் மெல்லிய வெள்ளைத் தோலும் கொளுத்துகிற வெயிலில் பொசுங்கிப் புண்ணாகும். ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் பகலில் அதற்கு நல்ல நிழல் கொடுத்தே ஆக வேண்டும். சிப்பிப்பாறைக்குக் கட்டை மயிர், பெரும்பாலும் மங்கல் நிறம். வெயிலைத் தாங்கும், ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும், உண்ணி ஏறினாலும் சுலபமாகக் கண்ணில் படும். இந்த ஒரு விஷயத்தில் சிப்பிப்பாறைக்குத்தான் முழுப் புள்ளி.

ராஜபாளையம் வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று, காது. முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் சில, பிறவியிலேயே செவிடாக இருக்கும். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உட்காதிலும் வேண்டும். அவை இல்லாவிட்டால் கேட்கும் சக்தி போய்விடும். பழைய நாளில் நிறம் உள்ள குட்டிகளைக் கழித்துவிட்டு வெள்ளையை மட்டுமே வைத்து வளர்த்ததால் இந்தக் குறை இனத்தோடு ஒட்டிக்கொண்டது. விற்கிறவர் சொல்லமாட்டார். குட்டியைத் தனியாக எடுத்து, அதற்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். நிழலோ காற்றோ படாத தூரத்தில் நிற்க வேண்டும். மற்றக் குட்டிகளோடு சேர்ந்து இருக்கும்போது பார்த்தால் பயனில்லை, அவை திரும்ப இதுவும் திரும்பும். செவிட்டு நாய் தூங்கும்போது ஒரு சின்னப் பிள்ளை போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். அதன் மேல் குற்றமில்லை. ஆனால் காயம் பிள்ளைக்கு.

கடி என்று வந்தபடியால் நீர்வெறுப்பு நோயைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். விசர்நாய்க்கடி என்று சொல்வதும் இதைத்தான். 1973ஆம் ஆண்டு இலங்கையில் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டும், கடிபட்டவர்களுக்கு ஊசி போட்டும் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் முற்றாக நிற்கவில்லை. நோய் தொடங்கிவிட்டால் ஆளைக் காப்பாற்ற வைத்தியம் இல்லை என்றே சொல்ல வேண்டும். நாய் எந்தச் சாதியாக இருந்தாலும், வீட்டு நாயே கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மிளகாய், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். நெடுந்தீவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டம் உண்டு. பெரிய காயம் என்றால் கடல் தாண்டிக் குறிகாட்டுவான் வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் போக நேரலாம். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட வசதியில்லாதவர்கள் தீவில் பெரிய நாய் வளர்ப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

சரி, எதுதான் நல்லது? தீவகத்தில் ஆளுயர மதில் உள்ள வளவு, வீட்டில் ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், காலையும் மாலையும் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓடக்கூடிய ஒரு இளந்தாரி, அக்கம்பக்கத்தில் ஆடு இல்லை என்றால் சிப்பிப்பாறையை வாங்கலாம். ராஜபாளையம் குடும்ப நாயாகச் சரிவராது என்பது என் அபிப்பிராயம். புங்குடுதீவில் வெளிநாட்டுக்காரர்களின் பெரிய வீடுகளைக் காவல் பார்க்கிற, வேறு வேலையில்லாத, நாய்ப் பழக்கம் உள்ள ஒருவருக்கு அது தோதாக இருக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம். ஆடு கோழி உள்ள வீட்டுக்கும் வேண்டாம். "குட்டியிலிருந்தே கோழியோட பழக்கினால் சரி" என்று சிலர் சொல்வார்கள். தன் வீட்டுக் கோழியை விட்டுவிடப் பழகும். அடுத்த வீட்டுக் கோழிக்கு யார் பொறுப்பு?

இனி நம் லயத்துக்கு வருவோம். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பரா, ஒரே வாசல், ஒரே பீலிக்கரை. பிள்ளைகள் எல்லா வீட்டிலும் ஓடித் திரிகிறார்கள். மரக்கறித் தோட்டமும் கோழிக்கூடும் மாட்டுப் பட்டியும் அடுத்தடுத்து. காலை பிரட்டுக்குப் போனால் பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகுதான் அம்மாமார் வீட்டுக்கு வருகிறார்கள். அத்தனை நேரமும் ஓடவேண்டிய நாய் சங்கிலியில் கிடக்கும். பனியும் குளிரும் வேறு. மயிரும் கொழுப்பும் இல்லாத சிப்பிப்பாறை நுவரெலியாப் பக்கத்து டிசம்பர்ப் பனியில் சாக்குப் படுக்கை இல்லாமல் தாங்காது. பல தோட்டங்களில் இரவில் சிறுத்தை வருவதும் உங்களுக்குத் தெரியும். அது நாயைத் தேடித்தான் லயத்துப் பக்கம் வருகிறது. வெளியே கட்டிப்போட்ட நாய் ஓடித் தப்பவும் முடியாது. பன்றி வேட்டைக்கென்று நாய் வாங்கும் பையன்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பன்றித் தந்தத்தில் வயிறு கிழிந்து நாய் சாகும், கூடப் போனவர் கம்பியில் மாட்டினால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

ஆகவே லயத்தில் இருப்பவர்கள், பக்கத்தில் ஏதாவது நாய் குட்டி போட்டிருந்தால் அதில் ஒன்றை எடுத்து வளருங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. நம் சீதோஷ்ணத்துக்குப் பழகினது, சோறும் கருவாட்டுத் தலையும் போட்டால் வளரும், தெரியாத ஆள் வந்தால் குலைத்துச் சொல்லும். குட்டி பழகும்வரை பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்: நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக் கூடாது. சிலர் நாய்க்குச் சாயத்தண்ணி ஊற்றுகிறார்கள். அது நாய்க்கு ஆகாது, தண்ணீர் வையுங்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு: இந்தியாவிலிருந்து நாய் கொண்டுவர கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். "படகில வந்த குட்டி, மலிவு" என்று யாராவது காட்டினால் கை வைக்காதீர்கள். அதற்கு என்ன ஊசி போட்டது, என்ன நோய் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இங்கேயே பிறந்த குட்டி என்றால் தாய் நாயைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தாய் உங்களைக் கண்டு சீறிக்கொண்டே நின்றால் அந்தக் குட்டி வேண்டாம். இரண்டு மாதம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். ஊசிப் புத்தகத்தைக் கையோடு வாங்குங்கள், பிரதேச சபையில் பதிந்துகொள்ளுங்கள். குட்டி போட வைக்கும் எண்ணம் இல்லாவிட்டால் கருத்தடை செய்துவிடுங்கள். சத்திரசிகிச்சைக்குக் கொண்டு போகும்போது இது வேட்டை நாய்ச் சாதி என்று கால்நடை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இப்படி மெலிந்த ஓட்டநாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் அளவுக்கு மேல் வேலை செய்துவிடும். அதற்கேற்ற மருந்தை அவர் பார்த்துக் கொடுப்பார்.